ஓ.எஸ்.டி., எச்.ஐ.வி. சேவைகள்ல ஆராய்ச்சி பண்ணப் போறவங்களுக்கு: எங்க ஆரம்பிக்கணும், எந்தப் பேப்பர் வேணும், எவ்வளவு நாளாகும்

எம்.பி.எச்., எம்.எஸ்.டபிள்யூ., கம்யூனிட்டி மெடிசின் பி.ஜி., நர்சிங் பி.எச்.டி., இப்படி ஏதாவது படிச்சுக்கிட்டோ, என்.ஜி.ஓ.ல வேலை பாத்துக்கிட்டோ, போதைப் பழக்க சிகிச்சையும் எச்.ஐ.வி. சேவையும் ஏன் தேவைப்படுறவங்களைப் போய்ச் சேர மாட்டேங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணலாம்னு இருக்கீங்களா, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். இதுக்கு இம்ப்ளிமென்டேஷன் ரிசர்ச்னு பேரு. தியரி சொல்லித் தர்றதுக்கு நிறைய இடம் இருக்கு, உலக சுகாதார நிறுவனத்தோட டி.டி.ஆர். பிரிவு ஃப்ரீயாவே ஆன்லைன் கோர்ஸ் வெச்சிருக்கு. ஆனா நம்ம ஊர்ல எந்த ஆபீஸ்ல எந்த லெட்டரை முதல்ல வாங்கணும், எது எங்க மாட்டும்னு யாரும் உக்காரவெச்சு சொல்றதில்ல. நான் தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டேன், நீங்க அவ்வளவு கஷ்டப்பட வேணாம்.

பேச வசதியா ஒரே உதாரணத்தை வெச்சுக்கறேன். தமிழ்நாட்டுல ஒரு நகரம், அங்க ஒரு ஓ.எஸ்.டி. சென்டர் (ஹெராயின் மாதிரி ஓபியாய்டு போதைக்குப் பதிலா மாற்று மருந்து கொடுக்கற இடம்), கொஞ்ச தூரத்துல நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. டெஸ்டும் ஆலோசனையும் கொடுக்கற இடம்), இன்னொரு பில்டிங்ல ஏ.ஆர்.டி. சென்டர் (எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கற இடம்). போதை ஊசி போட்டுக்கற ஒருத்தர், எச்.ஐ.வி.யும் இருந்தா, இந்த மூணுக்கும் போயாகணும். எங்க விட்டுப்போறார், ஏன் விட்டுப்போறார், எதை மாத்தினா விடாம இருப்பார், இதுதான் நம்ம ஆராய்ச்சி.

1. கேள்வியை முதல்ல சரி பண்ணுங்க

பியூப்ரினார்ஃபின் (ஓ.எஸ்.டி.ல கொடுக்கற மாற்று மாத்திரை) வேலை செய்யுமா, ஏ.ஆர்.டி. வேலை செய்யுமான்னு கேட்டுக்கிட்டு கிளம்பாதீங்க, அது எப்பவோ முடிஞ்சுபோன விஷயம், எத்திக்ஸ் கமிட்டில (ஆய்வு நெறிமுறைப்படி இருக்கான்னு பாத்து அனுமதி கொடுக்கற குழு) உக்காந்திருக்கறவங்க முதல் நிமிஷத்துலயே உங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க கேக்க வேண்டியது சேவை எப்படி நடக்குதுங்கறதை. எனோலா ப்ராக்டரும் கூட வேலை பாத்தவங்களும் 2011ல 8 அளவு போட்டுக் கொடுத்திருக்காங்க: ஏத்துக்கறாங்களா, கையில எடுக்கறாங்களா, பொருந்துதா, நடைமுறைல முடியுமா, சொன்னபடி செய்யறாங்களா, எவ்வளவு ஆழமா பரவுது, என்ன செலவு, நீடிக்குமா. எட்டையும் அளக்கப் போறேன்னு எழுதாதீங்க. ரெண்டு, மிஞ்சினா மூணு.

புதுசா வர்றவங்க அதிகமா மாட்டிக்கற இடம் அடாப்ஷனையும் ரீச்சையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறது. அடாப்ஷன்ங்கறது சென்டரும் ஸ்டாஃபும் ஒரு விஷயத்தைக் கையில எடுத்தாங்களாங்கறது, ரீச்ங்கறது அது எத்தனை ஆளுங்களுக்குப் போச்சுங்கறது. உதாரணத்துக்கு ஓ.எஸ்.டி. ரூம்லயே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கலாம்னு 10 சென்டர்கிட்ட சொல்றோம், 8 சென்டர் ஆரம்பிச்சாச்சு, அடாப்ஷன் 80 சதவீதம். அந்த எட்டுல டெஸ்ட் எடுக்க வேண்டியவங்க 100 பேருக்கு 30 பேர்தான் எடுத்திருக்காங்கன்னா ரீச் 30 சதவீதம். ரெண்டுக்கும் காரணமும் வேற, மருந்தும் வேற. ரிப்போர்ட்ல முதல் நம்பரை மட்டும் போட்டா எல்லாம் நல்லா நடக்கற மாதிரி தெரியும், அதனால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

இது எவ்வளவு முக்கியம்னு காட்ட இந்தியாவுலயே பெரிய சாட்சி இருக்கு. நாட்டுல 22 இடங்கள்ல, ஊசி போடுறவங்களுக்கும் ஆண்களோட உறவு வெச்சிருக்கற ஆண்களுக்கும் எல்லா சேவையும் ஒரே கூரைக்குக் கீழ கொடுக்கற ஒருங்கிணைந்த மையங்களை வெச்சு ஒரு கிளஸ்டர் ட்ரையல் (ஆள் ஆளா இல்லாம ஊர் ஊராப் பிரிச்சு ஒப்பிடற ஆய்வு) நடந்துச்சு, சென்னை ஒய்.ஆர்.ஜி. கேரும் அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸும் சேர்ந்து பண்ணினது, 2019ல லான்செட் எச்.ஐ.வி.ல வந்துச்சு. மையத்துக்கு வந்தவங்க மத்தவங்களை விட அதிகமா டெஸ்ட் எடுத்திருந்தாங்க. ஆனா மொத்த சமூகத்தையும் எடுத்துப் பாத்தப்போ மையம் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் புள்ளியியல்படி உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல, ஏன்னா எதிர்பார்த்த அளவு ஆளுங்க மையத்துக்குள்ள வரல. அந்தப் பேப்பரை கண்டிப்பா படிங்க, நல்ல சேவைக்கும் அதைத் தேடி வர்ற ஆளுக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளியைத்தான் நாம ஆராயப் போறோம்.

2. எழுதறதுக்கு முன்னாடி சென்டர்ல போய் உக்காருங்க

புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சில காலை நேரம் அங்க இருங்க. மெடிக்கல் ஆபீசர்கிட்ட வாய்மொழியா கேட்டாலே பெரும்பாலும் விடுவாங்க. ஆனா யார் பேரையும் எழுதக் கூடாது, ரெஜிஸ்டரைப் பிரிக்கக் கூடாது, யார்கிட்டயும் பேட்டி எடுக்கக் கூடாது, இது டேட்டா கலெக்ஷன் கிடையாது. அமெரிக்காவுல போதை சிகிச்சை மையங்களுக்காக வந்த நயாடெக்ஸ் முறைல இதுக்கு வாக்-த்ரூன்னு பேரு, சிகிச்சைக்கு வர்ற ஆளா நம்மளை நினைச்சுக்கிட்டு வாசல்லேர்ந்து கடைசி வரைக்கும் நடந்து பாக்கறது.

என்ன பாக்கணும்னு சொல்றேன். நர்ஸ் மாத்திரையை எண்ணி, நசுக்கித் தூளாக்கி, நாக்குக்கு அடில போடுறாங்க, கரையற வரைக்கும் சில நிமிஷம் அங்கயே உக்காரணும், அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி பாத்துட்டுத்தான் அனுப்பறாங்க. மாத்திரையைத் துப்பி வெளிய வித்துடக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு. ஆக வரிசைல பத்துப் பேர் நின்னாலே கடைசி ஆளுக்கு எவ்வளவு நேரம் போகும்னு யோசிங்க, அந்த ஆள் மார்க்கெட்ல மூட்டை தூக்கறவரா இருந்தா அவருக்கு வேலை விடியக்காலைல, சென்டர் திறக்கறது ஒன்பது மணிக்கு. பியூப்ரினார்ஃபினுக்கு பெரும்பாலும் தினமும் வரணும். ஒரு நாள் கூலியா ஒரு நாள் டோஸான்னு தினமும் அவர் முடிவு பண்ண வேண்டியிருக்கு. இதை எந்தக் கேள்வித்தாளும் உங்களுக்கு முதல்ல சொல்லாது, வரிசைல நிக்கறவங்களைப் பாத்தாத்தான் புரியும்.

அப்படியே வாசல்ல யார் உக்காந்திருக்காங்க, ஓ.எஸ்.டி. போர்டு எப்படி எழுதியிருக்கு, நம்பிக்கை மையத்துக்குப் போகச் சொன்னா சீட்டு கொடுத்து அனுப்பறாங்களா, கூட ஒரு ஆள் போறாரா, ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு தனியா போடணுமா, எல்லாத்தையும் ஒரு வெள்ளைத்தாள்ல படமா வரைஞ்சு வெச்சுக்கோங்க. அந்தப் படம்தான் பின்னாடி உங்க மெத்தட்ஸ் செக்‌ஷனுக்கு முதுகெலும்பு.

இன்னொண்ணு, பொம்பளைங்க வர்றாங்களான்னு பாருங்க. வரலேன்னா அதுவே ஒரு கண்டுபிடிப்பு, "பெண்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை"ன்னு ஒரு வரில தாண்டிப் போயிடாதீங்க.

3. ஃப்ரேம்வொர்க், டிசைன், அளவுகோல்

ஃப்ரேம்வொர்க், அதாவது எதையெல்லாம் பாக்கணும்னு வரிசைப்படுத்தின சட்டகம், நிறைய இருக்கு, எல்லாத்தையும் படிச்சுக்கிட்டிருந்தா வருஷம் ஓடிடும். தடை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க சி.எஃப்.ஐ.ஆர். போதும் (2022ல புதுப்பிச்சதை எடுங்க), பலன் அளக்க ரீ-எய்ம் போதும். சி.எஃப்.ஐ.ஆர்.ல தலைப்புகள் ரொம்ப அதிகம், அத்தனைக்கும் கேள்வி போட்டா பேட்டி மூணு மணி நேரம் போகும், ஸ்டாஃப் நர்ஸ் பாதில எழுந்து போயிடுவாங்க, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க வரைஞ்ச படத்துல எங்கெங்க ஆள் விட்டுப்போறாங்களோ அதுக்குப் பொருந்தற ஏழெட்டு தலைப்பை மட்டும் எடுங்க.

டிசைன் விஷயத்துல உங்க கைக்காசு, கால அவகாசம் ரெண்டையும் பாத்து முடிவு பண்ணுங்க:

பி.ஜி. தீசிஸ்னா கேஸ்கேட் அனாலிசிஸ் (ஒவ்வொரு படிலயும் எத்தனை பேர் மிஞ்சறாங்கன்னு பாக்கறது) கூட பேட்டி, அவ்வளவுதான். பதிவு பண்ணினவங்க எத்தனை, தொடர்ந்து வர்றவங்க எத்தனை, கடைசி 6 மாசத்துல எச்.ஐ.வி. டெஸ்ட் ஆனவங்க எத்தனை, பாசிட்டிவ்ல ஏ.ஆர்.டி.ல இருக்கறவங்க எத்தனை, வைரல் லோட் (ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு) அடங்கினவங்க எத்தனை. எந்தப் படில அதிகமா விழுதோ அதை வெச்சு 12லேர்ந்து 20 பேர்கிட்ட ஆழமான பேட்டி, அதுல ஸ்டாஃபும் இருக்கணும், சிகிச்சையை விட்டுட்டுப் போனவங்களும் இருக்கணும். வர்றவங்களை மட்டும் கேட்டா சென்டர் நல்லாத்தான் இருக்குன்னு பதில் வரும்.

ஒரு மாத்தத்தை செஞ்சு பாக்கணும்னா, ஒரே சென்டர்னா பி.டி.எஸ்.ஏ. சுத்துகள், அதாவது சின்னதா திட்டம் போட்டு, செஞ்சு, பாத்து, திருத்தி, மறுபடி. மாசா மாசம் நம்பர் கிடைச்சா இன்டரப்டட் டைம் சீரிஸ் (மாத்தத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் நம்பர் போற போக்கை ஒப்பிடறது) பண்ணலாம், முன்னாடி 8 மாசம் பின்னாடி 8 மாசமாவது வேணும், 12க்கு 12 இருந்தா தைரியமா எழுதலாம். பல சென்டர் இருந்து, எல்லாருக்கும் கொடுத்தே ஆகணும்னு ஆபீசர்கள் சொன்னா ஸ்டெப்டு வெட்ஜ், எல்லா சென்டருக்கும் கிடைக்கும், எது முதல்லங்கறதை மட்டும் குலுக்கல்ல எடுக்கறோம், இதுக்கு நிர்வாகத்துல சம்மதம் வாங்கறது மத்த ட்ரையலை விட சுலபம். மருந்தோட பலன், அமலாக்கம் ரெண்டையும் சேர்த்துப் பாக்கறதா இருந்தா ஹைப்ரிட் டிசைன் 1, 2, 3ன்னு வகை இருக்கு, நம்ம மாதிரி விஷயத்துக்கு பெரும்பாலும் 3தான் பொருந்தும், ஏன்னா மருந்து வேலை செய்யும்னு ஏற்கனவே தெரியும்.

என்ன மாத்தத்தை செஞ்சு பாக்கறதுன்னு தெரியலேன்னா எச்.பி.டி.என். 074 ட்ரையலைப் பாருங்க. இந்தோனேசியா, உக்ரைன், வியட்நாம் மூணு நாட்டுல, எச்.ஐ.வி. இருந்து ஊசி போடுற 502 பேர். கூடவே வந்து வழிகாட்ட ஒரு ஆள், கொஞ்சம் கவுன்சிலிங், சி.டி.4 (எதிர்ப்பு சக்தி செல்) எண்ணிக்கை எவ்வளவா இருந்தாலும் ஏ.ஆர்.டி., இதுதான் அவங்க கூடுதலா கொடுத்தது. இறந்தவங்க வழக்கமான சேவைல 15 சதவீதம், இந்தப் பக்கம் 7 சதவீதம். புது மருந்து எதுவும் கிடையாது, கூட நடந்து வர ஒரு ஆள்! நம்ம டி.ஐ. புராஜெக்ட்ல (எச்.ஐ.வி. ஆபத்து அதிகம் உள்ளவங்களைத் தேடிப்போய் என்.ஜி.ஓ.க்கள் செய்யற தடுப்புத் திட்டம்) இருக்கற பியர் எஜுகேட்டரும் (அதே சமூகத்துலேர்ந்து வந்த வழிகாட்டி) அவுட்ரீச் ஒர்க்கரும் இந்த வேலைல பாதியை ஏற்கனவே சத்தமில்லாம செஞ்சுக்கிட்டு இருக்காங்க, அதை முறையா அளந்து எழுதினாலே நல்ல ஆராய்ச்சி.

அளவுகோலைப் புதுசா உருவாக்காதீங்க. குடிக்கு ஆடிட் இருக்கு, 10 கேள்வி, மத்த போதைக்கு அசிஸ்ட் இருக்கு. ஏத்துக்கறாங்களா, பொருந்துதா, முடியுமான்னு கேக்க தலா 4 கேள்வி உள்ள மூணு சின்ன ஸ்கேல் இருக்கு, 2017ல வைனர் குழு வெளியிட்டது. தமிழ்ல மாத்தி, வேற ஒருத்தரை வெச்சு திருப்பி இங்கிலீஷ்ல மாத்தி, அப்புறம் நாலஞ்சு பேர்கிட்ட படிச்சுக் காட்டி என்ன புரிஞ்சுதுன்னு கேளுங்க. "நீங்கள் போதைப்பொருளை உட்கொண்டீர்களா"ன்னு யாரும் பேசறதில்ல. வலி மாத்திரையைக் கரைச்சு ஊசில ஏத்தற பையன் நிறைய பேரு அதை போதைப்பொருள்னே சொல்ல மாட்டாங்க, "மாத்திரை"ன்னுதான் சொல்லுவாங்க. டாபென்டடால் மாதிரி மாத்திரையைத் தனியா பேர் சொல்லிக் கேக்கலேன்னா பதில் "இல்ல"ன்னுதான் வரும்.

4. ஃபைல்ல என்னென்ன இருக்கணும்

எந்த ஆபீஸுக்குப் போனாலும் இதெல்லாம் கையில இருக்கட்டும், ஒவ்வொண்ணுலயும் வெர்ஷன் நம்பரும் தேதியும் கண்டிப்பா இருக்கணும்:

- புரோட்டோகால், அதோட ரெண்டு பக்க சுருக்கம் (ஆபீசர்கள் சுருக்கத்தைத்தான் படிப்பாங்க)
- தகவல் தாள், கன்சென்ட் ஃபார்ம், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும், மொழிபெயர்ப்புக்கும் திருப்பி மொழிபெயர்த்ததுக்கும் சான்று
- கேள்வித்தாள், பேட்டி வழிகாட்டி, ரெண்டு மொழிலயும்
- உங்க சி.வி., கைடோட சி.வி., ஆராய்ச்சி அடிப்படை கோர்ஸ் சர்ட்டிபிகேட் (சென்னைல இருக்கற ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன்ல நடத்துது)
- பட்ஜெட், பணம் யார் தர்றாங்கன்னு விவரம்
- ரகசியம் காப்போம்னு டீம்ல எல்லாரும் கையெழுத்து போட்ட பேப்பர், டைப் அடிக்கறவர் உட்பட
- டேட்டாவை எங்க வைப்பீங்க, யார் பாப்பாங்க, எப்ப அழிப்பீங்கன்னு ஒரு பக்கம்
- பேட்டில யாராவது உடைஞ்சுபோனா, தற்கொலை எண்ணம் சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு பக்கம், டெலி மானஸ் 14416, போதை உதவி எண் 14446, எச்.ஐ.வி. உதவி எண் 1097 மூணும் அதுல இருக்கட்டும்

கன்சென்ட் ஃபார்ம் பத்தி தனியா சொல்லியாகணும். ஃபார்ம் தலைப்புல கொட்டை எழுத்துல "எச்.ஐ.வி." "போதை ஊசி"ன்னு போட்டு அதோட ஒரு காப்பியை கையில கொடுத்து அனுப்புறாங்க, அவர் அதை மடிச்சு சட்டைப்பைல வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறார், துணி துவைக்கறப்போ அது யார் கையில போய் சேரும்னு கொஞ்சம் யோசிங்க. "சுகாதார சேவைகள் பற்றிய ஆய்வு"ன்னு பொதுவா ஒரு தலைப்பை வெளில போடுங்க, விவரமெல்லாம் உள்ள இருக்கட்டும், காப்பி வேணாம்னு சொன்னா கட்டாயப்படுத்தாதீங்க. கையெழுத்தே அவரை அடையாளம் காட்டிக் கொடுத்துடும்னா வாய்மொழி சம்மதம் வாங்கி சாட்சியோட பதிவு பண்ண கமிட்டிகிட்ட முன்னாடியே அனுமதி கேளுங்க, 2017ல வந்த ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைகள்ல இதுக்கு இடம் இருக்கு.

சட்டம் ரெண்டு தெரிஞ்சிருக்கணும். எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, இது 2018 செப்டம்பர் 10லேர்ந்து நடைமுறைல இருக்கு, சம்மதம் இல்லாம டெஸ்டும் கூடாது ஆராய்ச்சியும் கூடாது, ஒருத்தரோட நிலையை வெளிய சொல்லக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. 22வது பிரிவு, அரசு வழிகாட்டுதல்படி நடக்கற தொற்றுத் தடுப்பு வேலைகளை, சுத்தமான ஊசி கொடுக்கறது மாதிரி, குற்றமாக்க முடியாதுங்குது. இன்னொண்ணு என்.டி.பி.எஸ். சட்டம் 1985, போதைப்பொருள் பயன்படுத்தறதே குற்றம். நம்ம நாட்டுல ஆராய்ச்சி டேட்டாவை போலீஸ்கிட்டேர்ந்து காப்பாத்தன்னு தனியா சான்றிதழ் எதுவும் கிடையாது. அதனால எங்க வாங்கினீங்க, யார்கிட்ட வாங்கினீங்கன்னு கேக்கவே கேக்காதீங்க, பேட்டில அவரா சொன்னாலும் எழுத்துல மாத்தும்போது எடுத்துடுங்க.

5. அனுமதி: எது முதல்ல, எது அப்புறம்

இங்கதான் நிறைய பேர் மாசக்கணக்குல சிக்கிக்கறாங்க. எத்திக்ஸ் கமிட்டி "சென்டரோட அனுமதிக் கடிதம் எங்க"ன்னு கேக்கும், சென்டர் "எத்திக்ஸ் அப்ரூவல் எங்க"ன்னு கேக்கும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அலைய வேணாம், இந்த வரிசைல போங்க:

முதல்ல சென்டர் மெடிக்கல் ஆபீசர்கிட்ட "எத்திக்ஸ் அனுமதி கிடைத்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை"ன்னு நாலு வரி லெட்டர். நீங்களே டைப் அடிச்சு கொண்டு போங்க. அதை வெச்சு எத்திக்ஸ் கமிட்டில போடுங்க, "நிர்வாக அனுமதிக்கு உட்பட்டு" நிபந்தனையோட அப்ரூவல் கொடுக்கச் சொல்லி கவரிங் லெட்டர்லயே கேளுங்க. அது கையில வந்ததும் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தோட திட்ட இயக்குநருக்கு விண்ணப்பம், மேல டெல்லி நேக்கோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) வரைக்கும் போகணுமான்னு அங்கயே எழுத்துல கேட்டுக்கோங்க, பல மாநிலம், தேசிய அளவு டேட்டா இதெல்லாம் வந்தா போகணும்னு வெச்சுக்கோங்க. அதோட சென்டர் இருக்கற ஆஸ்பத்திரி மெடிக்கல் காலேஜா இருந்தா டீன், மாவட்ட அரசு ஆஸ்பத்திரியா இருந்தா இணை இயக்குநர். மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகுக்கு ஒரு காப்பி கொடுத்துடுங்க, ஃபீல்டுல உங்களுக்கு உதவப் போறது அவங்கதான்.

கமிட்டி எதுன்னு தேர்ந்தெடுக்கறப்போ அது சுகாதார ஆராய்ச்சித் துறைல பதிவான கமிட்டியான்னு பாருங்க, பதிவு காலாவதியாகியிருந்தா அந்த அப்ரூவலால பின்னாடி சிக்கல் வரும். எச்.ஐ.வி., போதை ரெண்டும் சேர்ந்து வந்தா பாதிப்புக்கு ஆளாகக் கூடியவங்க கணக்குல வரும், எக்ஸ்பிடைட்டடா (ஓரிரு உறுப்பினர் மட்டும் பாத்து சீக்கிரம் முடிக்கற முறை) முடிச்சுடலாம்னு நம்பாதீங்க, முழுக் கமிட்டி முன்னாடிதான் போகும்னு திட்டம் போடுங்க. ஒரு கமிட்டில, பேர் வேணாம், "இவங்க போதைல இருக்கறப்போ எப்படி சம்மதம் கொடுப்பாங்க"ன்னு ஒரே கேள்வில மொத்த புரோட்டோகாலையும் ஒத்தி வெச்சாங்க. பதிலை முன்னாடியே எழுதி வெச்சுடுங்க: டோஸ் எடுத்து கொஞ்ச நேரம் கழிச்சு பேசுவோம், தகவலைச் சொன்னப்புறம் புரிஞ்சுதான்னு மூணு நாலு சின்னக் கேள்வி கேப்போம், பதில் தடுமாறினா வேற நாள் வரச் சொல்லுவோம், சேர மாட்டேன்னு சொன்னாலும் மாத்திரை நிக்காதுன்னு நர்ஸ் முன்னாடியே சொல்லுவோம். இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம், மாத்திரை கொடுக்கற கையே ஃபார்மையும் நீட்டினா யார் வேணாம்னு சொல்லுவாங்க? அதனால சம்மதம் வாங்கறது சென்டர் ஸ்டாஃபா இருக்கக் கூடாது.

ஏதாவது ஒரு மாத்தத்தைச் செஞ்சு பாக்கற ஆய்வுன்னா சி.டி.ஆர்.ஐ.ல (இந்திய மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு) பதிவு பண்ணணும். பதிவுக்குக் காசு கிடையாது. 2018 ஏப்ரல் 1லேர்ந்து முதல் ஆளைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே பதிவு ஆகணும், அப்புறம் பாத்துக்கலாம்னா எடுத்துக்க மாட்டாங்க. அவங்க சந்தேகம் கேட்டு திருப்பி அனுப்புவாங்க, நீங்க பதில் போடணும், மறுபடி வரும், அதுக்கும் சில வாரம் ஒதுக்குங்க.

வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டு கூட்டாளியோ இருந்தா ஐ.சி.எம்.ஆர். வழியா சுகாதார அமைச்சகத்தோட ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதி தனியா வேணும், அது பல மாசம் இழுக்கும். என்.ஜி.ஓ. வழியா பணம் வந்தா இன்னொரு பொறி இருக்கு: 2020ல எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை) சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் ஒரு என்.ஜி.ஓ. வாங்கின வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு என்.ஜி.ஓ.க்கு மாத்திக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "பெரிய என்.ஜி.ஓ. வாங்கி நமக்குப் பிரிச்சுத் தருவாங்க"ன்னு யாராவது சொன்னா நம்பி ஆள் எடுத்துடாதீங்க.

6. செலவு

எத்திக்ஸ் ஃபீஸ் அரசு காலேஜ்ல ஸ்டூடன்ட்டுக்கு ஒண்ணுமில்லாமலோ கொஞ்சமாவோ இருக்கும், தனியார்ல ஸ்பான்சர் இருக்கற ஆய்வுன்னா பல ஆயிரம் போகும், முன்னாடியே கேட்டுக்கோங்க. பெரிய செலவு ஆள் சம்பளமும் ஆடியோவை எழுத்தாக்கறதும்தான். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க அஞ்சாறு மணி நேரம் ஆகும், அப்புறம் மொழிபெயர்ப்பு வேற. இந்தப் பேட்டியை எல்லாம் இன்டர்நெட்ல இருக்கற ஃப்ரீ டூல்ல ஏத்தி எழுத்தாக்கிடாதீங்க, அந்த ஆடியோ எங்க போய் உக்காரும்னு உங்களால கமிட்டிக்குப் பதில் சொல்ல முடியாது.

வர்றவங்களுக்குக் கொடுக்கற காசு பத்தி பெரிய வாக்குவாதம் நடக்கும், "கையில காசு கொடுத்தா போய் ஊசி போட்டுக்குவாங்க"ன்னு. என் கருத்து தெளிவா சொல்றேன், பஸ் செலவையும் இழந்த கூலியையும் காசாவே கொடுக்கணும். அவங்க உழைச்சு சாப்பிடற ஆளுங்க, அரை நாளை நமக்காக விட்டுட்டு வந்திருக்காங்க, பிஸ்கெட் பாக்கெட் கொடுத்து அனுப்பறது மரியாதை இல்ல. 200லேர்ந்து 500 ரூபாய்க்குள்ள, போக்குவரத்து இவ்வளவு கூலி இவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டினா கமிட்டிகள் பொதுவா ஏத்துக்கறாங்க. பியர் எஜுகேட்டருக்கும் பட்ஜெட்ல தனியா வரி போடுங்க, அவங்க இல்லேன்னா ஹாட்ஸ்பாட்ல (போதை ஊசி போடறவங்க கூடற இடம்) உங்களை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. ரசீதுல பேர் எழுதச் சொல்லி ஆடிட்டர் கேப்பார், ஆய்வு நம்பரும் சாட்சிக் கையெழுத்தும் போதும்னு ஃபைனான்ஸ் ஆபீஸ்கிட்ட ஆரம்பத்துலயே எழுதி வாங்கிடுங்க.

7. எவ்வளவு நாளாகும்

கமிட்டி மாசத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையோதான் கூடும், கூடறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி பேப்பர் போயிருக்கணும், திருத்தம் சொல்லாம விட மாட்டாங்க. ஆக எத்திக்ஸுக்கு 3 மாசம், மாநில சங்கம், ஆஸ்பத்திரி அனுமதிக்கு 2லேர்ந்து 4 மாசம், சி.டி.ஆர்.ஐ.க்கு ஒரு மாசம்னு போட்டுக்கோங்க. வெளிநாட்டுத் தொடர்பு இருந்தா மேல இன்னும் ஒரு அரை வருஷம். தேர்தல் அறிவிப்பு வந்தா ஆபீஸ்ல ஃபைல் நகராது, மார்ச் மாசம் கணக்கு முடிக்கற நேரம், இதையும் சேர்த்துப் பாருங்க.

ஃபீல்டுல மாத்தம் வேரூன்ற நேரத்தை யாரும் சரியா ஒதுக்கறதில்ல. அமெரிக்காவுல 4 மாநிலத்துல 67 சமூகங்கள்ல ஹீலிங் கம்யூனிட்டீஸ்னு பெரிய ஆய்வு நடந்துச்சு, ஓபியாய்டு ஓவர்டோஸ் சாவைக் குறைக்கறதுக்காக, 2024ல முடிவு வந்துச்சு. மொத்தம் 615 நடவடிக்கை செயலுக்கு வந்திருக்கு, ஆனா அளக்கற காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சது அதுல 235 மட்டும்தான். நடுவுல கோவிட், ஃபென்டனில் (ரொம்ப வீரியமான ஓபியாய்டு) எல்லாம் வந்துச்சு. சாவு 9 சதவீதம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அது தற்செயலா இருக்காதுன்னு உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல. அவ்வளவு பணம் இருந்தவங்களுக்கே அப்படின்னா, நீங்க மாத்தத்தை ஆரம்பிச்ச அன்னிக்கே அளக்க ஆரம்பிச்சுடாதீங்க, ஸ்டாஃபுக்குக் கை பழக ரெண்டு மூணு மாசம் விட்டுட்டு அப்புறம் அளங்க, அப்படி விடப் போறீங்கன்னு புரோட்டோகால்லயே எழுதிடுங்க.

8. ஃபீல்டுல பாத்து நடந்துக்க வேண்டியது

ரெஜிஸ்டரை நம்பி மட்டும் உக்காராதீங்க. ஓ.எஸ்.டி. ரெஜிஸ்டர்ல ஒரு நம்பர், நம்பிக்கை மையத்துல வேற நம்பர், ஏ.ஆர்.டி.ல வேற நம்பர், ஒரே ஆள்தான்னு இணைக்க பேர் வேணும், பேர் உங்க கையில இருக்கவே கூடாது. வழி என்னன்னா, இணைக்கற வேலையை சென்டர் டேட்டா மேனேஜரே செஞ்சு, பேர் எடுத்துட்டு ஆய்வு நம்பர் மட்டும் போட்ட பட்டியலை உங்ககிட்ட கொடுக்கறது. இதை அனுமதி விண்ணப்பத்துலயே எழுதிக் கேளுங்க, அவருக்கு இது கூடுதல் வேலை, அதுக்கும் பட்ஜெட் வேணும்.

"டெஸ்ட் ஆச்சு"ன்னு டிக் இருந்தா ரிசல்ட் அவர்கிட்ட சொன்னாங்களான்னு தனியா பாருங்க. ஊசி போடறவங்களுக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட்னு வழிகாட்டுதல் இருக்கு, கணக்குல மொத்த டெஸ்ட் எண்ணிக்கை நல்லா இருக்கும், ஆனா அதே ஆளுங்களே திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுத்து, சிலர் ஒரு தடவை கூட எடுக்காம இருப்பாங்க. ஆள் வாரியா பாத்தாத்தான் தெரியும்.

பேட்டி எடுக்கற இடம் சென்டருக்குள்ள வேணாம், டீக்கடையும் வேணாம். டி.ஐ. ட்ராப்-இன் சென்டர்ல ஒரு ரூம் கிடைச்சா நல்லது. யூனிஃபார்ம் போட்டவங்க யாராவது வந்து "என்ன நடக்குது"ன்னு கேட்டா காட்ட அனுமதிக் கடிதத்தோட காப்பி எப்பவும் பைல இருக்கட்டும், கேள்வித்தாள் கட்டு பைல இருக்க வேணாம். ரெக்கார்டர்ல பேர் சொல்ல வேணாம்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, "அண்ணே, உங்களை நான் அண்ணேன்னே கூப்பிடறேன், பேர் வேணாம்"னு சொன்னா அவங்களுக்கும் சிரிப்பு வரும், பேச்சும் இலகுவாகும். ஸ்டாஃப்கிட்ட பேட்டி எடுக்கறப்போ அவங்க மேலதிகாரி ரூம்ல இருக்கக் கூடாது. கவுன்சிலர், நர்ஸ் நிறைய பேர் கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க, ஒரு மாவட்டத்துல ஒரே ஒரு ஓ.எஸ்.டி. கவுன்சிலர்தான்னா மாவட்டப் பேரைப் போட்டாலே அவங்க யாருன்னு தெரிஞ்சுபோயிடும், அதனால ரிப்போர்ட்ல மாவட்டத்தை எழுதாதீங்க.

9. முடிச்சப்புறம்

முடிவை முதல்ல சென்டர்லயே சொல்லுங்க, ஜர்னலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி. ஸ்டாஃபுக்கு ஒரு கூட்டம், சிகிச்சைக்கு வர்றவங்களுக்கு ஒரு கூட்டம், தனித்தனியா. திட்ட இயக்குநருக்கு ரெண்டு பக்கம் தமிழ்ல, அதுல "என்ன பண்ணலாம்"ங்கறது முதல் பக்கத்துலயே வரணும்: சென்டர் நேரத்தை காலைல முன்னாடி தள்ளறதா, டோஸ் கொடுக்கற இடத்துலயே டெஸ்டா, கூட போக ஒரு ஆளா, அதுக்கு மாசம் என்ன செலவு. செலவு எழுதாத பரிந்துரை அந்த மேஜையைத் தாண்டாது.

எத்திக்ஸ் கமிட்டிக்கு வருஷத்துக்கு ஒரு முறை முன்னேற்ற அறிக்கையும் கடைசில நிறைவு அறிக்கையும் கொடுக்கணும். சி.டி.ஆர்.ஐ.ல நிலையை "முடிந்தது"ன்னு மாத்தணும், இதை நிறைய பேர் செய்யறதில்ல, வருஷக்கணக்குல "ஆள் சேர்க்கப்படவில்லை"ன்னே நிக்கும். ஆடியோவை புரோட்டோகால்ல சொன்ன தேதில அழிச்சுட்டு, அழிச்ச தேதியை ஒரு லெட்டர்ல எழுதி, கைடு கையெழுத்தோட கமிட்டிக்கு அனுப்பி, அதோட காப்பியை உங்க ஃபைல்ல வெச்சுக்கோங்க.